ஸ்பிட்ஃபயரின் பின் ஆக்சிலை மாற்றிய நாலு சனி ஞாயிறு

என்னிடம் இருப்பது 1969ஆம் ஆண்டு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3. இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1296 சிசி இன்ஜின், 75 குதிரைத்திறன், முன்பக்கம் மொத்தமும் ஒரே பானெட்டாகத் திறந்து கொள்ளும் அழகான வண்டி. இத்தாலிக்காரர் மிக்கலோட்டி வரைந்த உருவம். நான் குடியிருக்கும் கவன்ட்ரி நகரத்திலேயே, கான்லி தொழிற்சாலையில் செய்தது. ஐந்து வருடமாக ஓட்டுகிறேன். ஐந்து வருடமும் அதன் பின்பக்கத்தை நினைத்து ஒரு பயம் உள்ளுக்குள் இருந்தது.

போன வருடம் அக்டோபரில் ஒரு ஈரமான மாலை அந்தப் பயம் நிஜமானது. நீளமாக வளைந்து இறங்கும் கிராமத்துச் சாலை. வேகம் அதிகமில்லை, 45 மைல் இருக்கும். வளைவு நான் நினைத்ததைவிட இறுக்கமாகிக்கொண்டே போனது. ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். அடுத்த நொடி வண்டியின் பின்பக்கம் யாரோ தோளைக் கொடுத்துத் தூக்கியது மாதிரி எம்பியது, பிறகு பக்கவாட்டில் போனது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி எப்படியோ நேராக்கிவிட்டேன். எதிரில் வண்டி வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அன்றிரவு தாம்பரத்தில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் எழுபதுகளில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருந்தவர். சென்னையில் ஸ்டாண்டர்ட் கம்பெனி செய்த அந்த ஹெரால்டும் என் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பம். டிரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸை வெட்டிக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். நடந்ததைச் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "வளைவுல காலை எடுத்தியாடா?" ஆமாம் என்றேன். "ஹெரால்டுல அதைச் செய்யவே கூடாது. திரும்பறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடணும், திரும்பும்போது லேசா மிதிச்சுக்கிட்டே போகணும். எங்களுக்கு அதைத்தான் முதல்ல சொல்லிக் கொடுத்தாங்க."

அந்த ஹெரால்டை ஜாக்கியில் தூக்கினால் பின்சக்கரம் இரண்டும் அடியில் உள்ளே மடங்கும், மாடு படுக்கப் போகும்போது காலை மடக்குவது போல. சின்ன வயதில் அதைப் பார்த்து உடைந்துவிட்டது என்று பயந்திருக்கிறேன். உண்மையில் விஷயமே அந்த மடக்கலில்தான் இருக்கிறது.

இந்த வண்டிகளில் டிஃப்ரன்ஷியல், அதாவது இன்ஜின் விசையை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டி, சேசிஸோடு போல்ட் போட்டு நிற்கும். அதன் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு ஆக்சில் ஷாஃப்ட். ஷாஃப்டின் உள்முனையில் மட்டும் ஒரு கிராஸ் ஜாயின்ட் (சுற்றிக்கொண்டே மடங்கும் மூட்டு) உண்டு, வெளிமுனையில் சக்கரம் நேராக ஏறி உட்கார்ந்திருக்கும். ஆகவே சக்கரம் மேலும் கீழும் போகும்போது கதவு கீலில் ஆடுவது போல ஷாஃப்டோடு சேர்ந்து ஆடும், சாயும். இதற்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில், ஆரம்பகால செவ்ரலே கார்வேர், மெர்சிடிஸ் 300 எஸ்எல் எல்லாவற்றிலும் இதே வகைதான். இரண்டு ஷாஃப்டுக்கும் மேலே, டிஃப்ரன்ஷியலின் தலையில், இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் ஒன்று குறுக்காக உட்கார்ந்திருக்கும். அதன் இரண்டு முனையும் இரண்டு சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வளைவில் என்ன ஆகிறது? வெளிப்பக்கச் சக்கரத்தில் பாரம் ஏறுகிறது. சாலை அந்த டயரை உள்நோக்கித் தள்ளுகிறது. தள்ளல் ஷாஃப்ட் வழியாகக் கிராஸ் ஜாயின்டுக்குப் போகிறது. ஜாயின்ட் தரையைவிட உயரத்தில் இருப்பதால் அந்தத் தள்ளலில் ஒரு பங்கு வண்டியின் பின்பகுதியை மேலே தூக்குகிறது. தூக்கத் தூக்கச் சக்கரம் அடியில் மடங்கும், டயரின் ஓரம் மட்டும் தரையைத் தொடும், பிடி போய்விடும். அந்த நேரத்தில் காலை எடுத்தால் பாரம் முன்னே ஓடிப் பின்பக்கம் தானாகவே எழும்பும். எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றின கதை.

டிரையம்ஃப்காரர்கள் 1970இல் மார்க் 4 கொண்டுவந்தபோது இதைச் சரிசெய்தார்கள். ஷாஃப்டை மாற்றவில்லை, பட்டையைப் பிடிக்கும் விதத்தை மாற்றினார்கள். பழைய வண்டியில் கட்டு மொத்தமும் டிஃப்ரன்ஷியலோடு இறுக்கிப் பிடித்திருக்கும். புதியதில் ஒரே ஒரு பட்டை மட்டும்தான் அப்படி. மற்றவை ஒரு பெட்டிக்குள் சீசா பலகை போல நடுவில் ஆடும். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே வந்தால் ஸ்பிரிங் வழக்கம்போல எதிர்க்கும். வண்டி ஒருபக்கம் சாய்ந்தால் மட்டும் அவ்வளவாக எதிர்க்காது. அதனால் வளைவில் வெளிப்பக்கப் பின்சக்கரத்தில் ஏறும் பாரம் குறைகிறது, தூக்கலும் குறைகிறது. இதற்கு ஸ்விங் ஸ்பிரிங் என்று பெயர். இவ்வளவு எளிமையான தீர்வு என்னை இன்றைக்கும் வியக்க வைக்கிறது.

நம் ஊர் ஸ்டாண்டர்ட் கம்பெனி வேறு வழியில் போனது. 1972இல் ஹெரால்டை மாற்றி கெஸல் என்று விட்டபோது ஸ்விங் ஆக்சிலையே எடுத்துவிட்டு, லாரி, அம்பாசிடர் மாதிரி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பிடிக்கும் மடங்காத ஆக்சிலைப் போட்டார்கள். வாங்குகிறவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பழையதன் மேல் நம்பிக்கை இல்லை என்பதே காரணம். அதுவும் புத்திசாலித்தனமான முடிவுதான்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். உடைக்கப்பட்ட 1972 மார்க் 4 ஒன்றிலிருந்து பின்பக்கம் மொத்தத்தையும் வாங்கினேன். டிஃப்ரன்ஷியல், ஸ்பிரிங், பெட்டி, இரண்டு ஷாஃப்ட், ஹப் (சக்கரம் ஏறி உட்காரும் நடுப்பகுதி), பிரேக் டிரம், எல்லாம். ஸ்பிரிங் மட்டும் வாங்கிப் போடலாம் என்று பலர் சொல்வார்கள், செய்யவும் முடியும். ஆனால் பழைய டிஃப்ரன்ஷியலின் தலையில் ஸ்பிரிங்கைப் பிடிக்க ஆறு ஸ்டட் (திருகு முளை), புதியதில் நாலு. அதைத் தோதாக்குவதற்குப் பதில் ஒரே வண்டியில் ஒன்றாக வாழ்ந்த உறுப்புகளை ஒன்றாகவே எடுப்பது நல்லது என்று எனக்குப் பட்டது. 1973க்குப் பிறகு வந்த வண்டிகளில் ஷாஃப்ட் நீளம், பின் சக்கரங்களுக்கு இடையிலான அகலம் 2 அங்குலம் கூடியிருக்கும். அது இன்னும் நன்றாக நிற்கும். ஆனால் என் வண்டியின் மட்கார்டு ஓரத்துக்கும் டயருக்கும் நடுவில் விரல் விட்டுப் பார்த்தேன். அந்த இடைவெளியை இழக்க மனம் வரவில்லை. அதனால் 1972.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. கிராஸ் ஜாயின்டின் கப்பைச் சுற்றிச் சிவப்பாகப் பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே கிரீஸ் செத்துவிட்டது என்று பொருள். ஷாஃப்டை மெல்ல மடக்கி நீட்டும்போது ஓரிடத்தில் கட்டை தட்டுவது போல நின்றால் அந்த ஜாயின்ட் வேண்டாம். ஹப்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் கவனமாக இருங்கள். ஹப், ஷாஃப்டின் கூம்பு முனையில் சாவியோடு (நழுவாமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) இறுகி உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்ற இந்த வண்டிக்கென்றே செய்த கனமான புல்லர் வேண்டும். சாதாரண மூன்று கால் புல்லரைப் போட்டு ஹப்பின் ஓரத்தை வளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்ததில் இடப்பக்கத்து கிராஸில் சிவப்புப் பொடி இருந்தது. விற்றவர் பழுதில்லை என்று சொல்லித்தான் கொடுத்தார். கண்ணால் பார்க்காமல் வாங்கியது என் தவறு. இரண்டு கிராஸும் புதிதாகப் போட்டேன், டிஃப்ரன்ஷியலின் எண்ணெய் சீல்களையும் மாற்றினேன். மேஜை மேல் இருக்கும்போது அரை நாள் வேலை. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு செய்தால் இரண்டு நாள்.

முதல் சனிக்கிழமை கழற்றல். இந்த ஒரு பத்தியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சேசிஸ் குழாய்க்கு அடியில் ஸ்டாண்டு வைத்து வண்டியைத் தூக்கிய பிறகு, பின்சக்கரத்தை அதற்குமேல் கீழே போகாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஷாக் அப்சார்பர்தான். ஸ்பிரிங்கின் முழு விசையும் அதன் கீழ் போல்டில் நிற்கிறது. அந்த போல்டை அப்படியே கழற்றினால் ஹப், டிரம், ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து கீழே அறையும். கை நடுவில் இருந்தால் கை போய்விடும். இன்னொரு ஜாக்கியை ஹப்புக்கு அடியில் வைத்து, ஷாக் அப்சார்பர் போல்ட் விரலால் திருகும் அளவுக்கு இளகும்வரை தூக்குங்கள். பிறகு போல்டை எடுத்து, ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். ஸ்பிரிங் தன் மூச்சை விட்டு ஓய்ந்த பிறகுதான் மற்ற எதையும் தொட வேண்டும்.

அதன் பிறகு பிரேக் ஹோஸ், ஹேண்ட் பிரேக் கேபிள், சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் என்று வரிசையாகக் கழன்றன. ரேடியஸ் ஆர்ம் பாடியைப் பிடிக்கும் இடத்தில் மெல்லிய தகடுகள் இருக்கும். சக்கரம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை அந்தத் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. எந்தப் பக்கத்தில் எத்தனை என்று எழுதி, தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள். அந்த இடத்தின் இரும்பையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். துரு முதலில் தின்னும் இடம் அது. அப்புறம் ஸ்பேனர். இந்த வண்டி முழுக்க அங்குலக் கணக்கு. ஷாஃப்டையும், கியர் பாக்ஸிலிருந்து டிஃப்ரன்ஷியலுக்கு வரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையும் பிடிக்கும் போல்டுகளுக்கு 9/16 வேண்டும். 14 மில்லிமீட்டர் ஏறாது, 15 ஏறும், ஆனால் வழுக்கித் தலையை உருட்டிவிடும். நல்ல 9/16 ரிங் ஸ்பேனர் ஒன்றில் காசைப் போடுங்கள்.

என்னை வதைத்தது ஒரே ஒரு போல்ட். ஸ்பிரிங்கின் வலப்பக்க முனைக் கண்ணுக்குள் போகும் போல்ட். நட்டு கழன்றது, போல்ட் அசையவில்லை. உள்ளே இருக்கும் இரும்புக் குழலோடு ஐம்பது வருடத் துருவில் ஒன்றாகிவிட்டிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை மாலையும் காலையும் ஊற்றினேன். சூடு காட்டினேன், ரப்பர் புகைந்ததுதான் மிச்சம். கடைசியில் ஹேக்சா பிளேடை மட்டும் கையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங் கண்ணுக்கும் இரும்புக் கைக்கும் நடுவில் இருந்த காகிதப் பருமன் இடைவெளியில் விட்டு அறுத்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். பிளேடு சூடாகும்போது ஒருவித வெந்த இரும்பு வாசனை வரும், பல் நாலு இழுப்புக்கு வழுக்கி ஐந்தாவதில் கவ்வும். மூன்று பிளேடு போனது. இரண்டாவது வெட்டு முடிந்து ஹப் ஜாக்கி மேல் அசைந்து உட்கார்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை இருட்டிவிட்டிருந்தது. புதிய போல்டைப் போடும்போது குழலுக்குள் செப்பு கிரீஸ் தடவிப் போட்டேன், அடுத்தமுறை கழற்றப்போவது யாராக இருந்தாலும் சரி.

ஸ்பிரிங்கின் நடு நட்டுகளுக்கு வண்டிக்குள்ளிருந்துதான் போக வேண்டும். சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டை உரித்தால் ஒரு தகட்டு மூடி இருக்கும். அதைத் திறந்தால் ஸ்பிரிங் தெரியும். நட்டுகளை எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கைத் தூக்கிப் பக்கவாட்டில் சக்கர இடுக்கு வழியாக உருவ வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். டிஃப்ரன்ஷியலை இறக்குவதற்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து கைகொடுத்தார். ஜாக்கி மேல் பலகை வைத்து, அதில் டிஃப்ரன்ஷியலைப் படுக்க வைத்து, ஒருவர் பிடிக்க ஒருவர் இறக்கினோம். முன்னால் இரண்டு மவுன்ட், பின்னால் குறுக்கே ஒரு நீள போல்ட், அவ்வளவுதான் அதைப் பிடித்திருப்பது. எல்லா ரப்பரையும் இந்த வேளையிலேயே புதிதாகப் போட்டுவிடுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ஃபிளேஞ்ச், அதாவது போல்ட் துளை போட்ட முனைத் தட்டு, இந்த வண்டிகளில் சின்னது பெரியது என்று இரண்டு அளவில் வரும். புதிய டிஃப்ரன்ஷியலை மேலே ஏற்றுவதற்கு முன் தரையிலேயே வைத்துத் துளைக்குத் துளை ஒட்டிப் பாருங்கள். என்னுடையது பொருந்தியது.

மாட்டியது இரண்டாவது, மூன்றாவது வாரம். கழற்றியதன் தலைகீழ், அதை நீட்ட வேண்டியதில்லை. இரண்டு விஷயம் மட்டும். ஸ்பிரிங் கண்ணிலும் மற்ற ரப்பர் புஷ் உள்ள இடங்களிலும் வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது போல்டை முழுதாக இறுக்கக் கூடாது. இறுக்கினால், வண்டியைத் தரையில் விட்டதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பாகக் காட்டும். சும்மா பிடிக்கிற அளவுக்கு வைத்து, சக்கரத்தைத் தரையில் இறக்கி, சீட்டில் இரண்டு ஆள் பாரம் ஏற்றி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பிறகுதான் டார்க் ரென்ச். எனக்குப் பாரமாக உதவியது தமிழ்க் கடையில் வாங்கிய 20 கிலோ அரிசி மூட்டைகள். ஏழு மூட்டை கடனாகக் கேட்டு வாங்கி, சீட்டிலும் கீழேயும் வைத்தேன்.

இன்னொன்று சக்கரத்தின் திசை. ஆக்சில் ஸ்டாண்டுகளுக்கு நடுவே வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, பின்சக்கர ரிம்மின் முன் ஓரத்துக்கும் பின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். கொத்தனார் சுவர் பார்க்கும் அதே முறைதான். நேராகவோ, ஒரு இழை உள்நோக்கியோ இருக்கலாம். வெளியே பார்த்து நிற்கவே கூடாது. வலப்பக்கத்தில் ஒரு தகடு கூட்டியதும் சரியாக வந்தது. டிஃப்ரன்ஷியலுக்கு அரை லிட்டருக்குச் சற்று அதிகமாக ஹைப்பாய்ட் இபி90 எண்ணெய். பிரேக்கில் காற்றெடுக்கும்போது பெடலை மிதித்தது என் பன்னிரண்டு வயது மகள். "பிடி", "விடு" என்று நான் சொல்ல, ஒரு தடவைகூடத் தவறாமல் செய்தாள்.

மூன்றாவது ஞாயிறு ஓட்டிப் பார்த்தேன். பின்பக்கம் எம்பவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி படகு மாதிரி சாய்ந்தது. மகள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து யோசித்தால் காரணம் தெளிவாகத் தெரிந்தது. பழைய ஸ்பிரிங் எவ்வளவு பயங்கரமானதாக இருந்தாலும், வண்டி சாயாமல் எதிர்த்து நின்றதில் பெரிய பங்கு அதனுடையது. அந்த எதிர்ப்பை எடுத்துவிட்டால் முன்பக்கம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதனால்தான் மார்க் 4இல் டிரையம்ஃப்காரர்கள் ஸ்விங் ஸ்பிரிங் போட்ட கையோடு முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரையும் (வண்டி சாய்வதை எதிர்க்கும் கம்பி) தடித்ததாக மாற்றினார்கள். நான் அதைப் படித்திருந்தும், முன்பக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பின் ஆக்சில் வேலை மட்டும்தான் என்று நினைத்தது என் பிழை. இந்த வண்டியில் பின்பக்கத்தைத் தொட்டால் முன்பக்கத்தையும் தொட்டதாகத்தான் கணக்கு. யாராவது ஸ்விங் ஸ்பிரிங் மட்டும் விற்றால், கூடவே மார்க் 4இன் பாரையும் வாங்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். நாலாவது சனிக்கிழமை பார் வந்தது, இரண்டு மணி நேரத்தில் மாட்டினேன்.

மாற்றம் அதோடு நிற்கவில்லை. பழைய டிஃப்ரன்ஷியலின் பல் விகிதம் 4.11, மார்க் 4இல் 3.89. நெடுஞ்சாலையில் இன்ஜின் கொஞ்சம் நிம்மதியாகச் சுற்றுகிறது. ஆனால் ஸ்பீடோமீட்டர் கியர் பாக்ஸிலிருந்து சுற்றுவதால் அதற்கு இந்த மாற்றம் தெரியாது. முள் 60 காட்டினால் உண்மையில் 63க்கு மேல் போகிறேன். கேமரா இருக்கும் சாலைகளில் இது சின்ன விஷயமில்லை. ஜிபிஎஸ் வைத்து அளந்து, 30, 40, 60க்கு எதிரே ஸ்பீடோமீட்டர் கண்ணாடியில் சின்னக் கோடு ஒட்டியிருக்கிறேன். மீட்டரைத் திருத்தக் கொடுக்கும்வரை அது போதும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்தர எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. ஆனால் வண்டியைப் பெரிதாக மாற்றியிருந்தால் அந்தச் சலுகை போய்விடும், சஸ்பென்ஷன் வகையை மாற்றுவதும் அதில் சேரும். அந்த வகை வண்டி உற்பத்தியில் இருந்த காலத்திலேயே, அல்லது அது நின்று பத்து வருடத்துக்குள், செய்யப்பட்டு வந்த மாற்றம்தான் என்று காட்ட முடிந்தால் பரவாயில்லை. ஸ்பிட்ஃபயர் 1980 வரை ஸ்விங் ஸ்பிரிங்கோடுதான் வந்தது என்பதால் எனக்குக் கவலையில்லை. இருந்தும் இன்சூரன்ஸ்காரர்களிடம் எழுத்தில் சொல்லிவிட்டேன், எம்ஓடியும் நானாகவே போய் எடுத்தேன். என் கையால் இறுக்கிய போல்டுகளை வேறொருவர் கண்ணும் பார்க்க வேண்டும்.

அதன் பிறகு ஒருநாள் காலை, ஆளில்லாத அகலமான தனியார் இடத்தில் அனுமதி கேட்டு, அதே 45 மைலில் வளைத்து, வேண்டுமென்றே காலை எடுத்தேன். மூக்கு கொஞ்சம் உள்ளே இழுத்தது. பின்பக்கம் தரையில் உட்கார்ந்தபடி கூடவே வந்தது. திரும்பத் திரும்ப ஆறு தடவை செய்தேன். கை நடுக்கம் மூன்றாவது தடவையில் நின்றது.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 50 மைலில் காலை எடுத்து வண்டியைத் தானாக ஓடவிட்டால் டிஃப்ரன்ஷியலிலிருந்து மெல்லிய ஊளைச் சத்தம் வருகிறது. உள்ளே சின்னப் பற்சக்கரத்தைத் தாங்கும் பினியன் பேரிங்காக இருக்கலாம். அப்பா ஜூன் மாதம் இங்கே வருகிறார். அந்த வளைவுக்கே கூட்டிப் போய்க் காட்டு என்று இப்போதே சொல்லிவிட்டார். அதற்குள் அந்தச் சத்தத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும், அவர் காது இன்னும் கூர்மைதான்.